கற்றல் வலையமைப்பும் தோட்டத்து மாணவரும்: நோட்டன் பிரிட்ஜை முன்வைத்து ஒரு நோக்கு

அண்மைக்காலக் கல்வியியற் சிந்தனையில் ‘தனியாள் கற்றல் வலையமைப்பு’ என்னுந் தொடர் பெருவழக்குப் பெற்றுள்ளது. ஒருவர் தாம் கற்க விரும்பும் துறையிலே அறிவுடையோரையும் தம்மையொத்த ஆர்வமுடையோரையும் முகநூல், வட்ஸ்அப், யூடியூப் முதலான சமூக ஊடகங்களின் வாயிலாகத் தேடியடைந்து, அவர்களோடு கொள்ளும் தொடர்பையே தம் கல்விக்கு ஆதாரமாக்கிக்கொள்வதை இத்தொடர் குறிக்கின்றது. 2005ஆம் ஆண்டளவில் கனடாவைச் சார்ந்த ஜோர்ஜ் சீமென்ஸ், ஸ்டீபன் டவுன்ஸ் ஆகியோர் முன்வைத்த ‘இணைப்புவாதம்’ இதற்குக் கோட்பாட்டு வலுவூட்டியது. அறிவு தனிமனித மூளையில் மட்டுமன்றி, மனிதருக்கும் கருவிகளுக்கும் இடையிலான தொடர்புகளிலும் உறைகின்றது என்பது அவர்தம் வாதம். நல்ல பாடசாலையும் நூலகமும் எட்டாத ஒருவருக்கு அவற்றின் இடத்தை இவ்வலையமைப்பு நிரப்பும் என்பது இதன் ஆதரவாளர் பலர் தரும் உறுதியாகும். அவ்வுறுதியைத் தலைநகர் மாணவரை வைத்து அளப்பதிற் பயனில்லை. அவருக்கு நூலகமும் உண்டு, ஆசிரியரும் உண்டு. வலையமைப்பு அவருக்கு ஒரு மேலதிக வசதி. நோட்டன் பிரிட்ஜ் போன்ற ஓரிடத்தை வைத்தே அதனை அளத்தல் வேண்டும்.

கெஹல்கமு ஓயாவை அண்டித் தேயிலைத் தோட்டங்கள் சூழ அமைந்த சிற்றூர் நோட்டன் பிரிட்ஜ். பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் எடுத்துரைத்த நீர்மின் திட்டம் பல தடைகளைக் கடந்து 1950இல் லக்ஷபான மின்நிலையமாக உருப்பெற்றபோது, அதற்கு வேண்டிய நீரைத் தேக்கிக் கொடுத்தது இவ்வூர் அணையேயாம். தூரத்து நகரங்கள் நீர்மின்னால் ஒளிபெற்ற பின்னரும் மலையகத்து லயங்கள் பலவும் பல தசாப்தங்கள் குப்பி விளக்கிலேயே காலங்கழித்தன. ஒரு வளம் ஓரிடத்தினூடாகச் செல்வது வேறு, அவ்விடத்தாரைச் சென்றடைவது வேறு என்பதை அறிய இப்பகுதியார்க்கு நூலறிவு தேவையில்லை. இன்று கைத்தொலைபேசி அலைவரிசை பற்றிய பேச்சிலும் இதே வினா எழுகின்றது.

2020 மார்ச்சில் பெருந்தொற்றின் காரணமாக நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டபோது மலையகத்தில் வட்ஸ்அப் குழுவே வகுப்பறையாயிற்று. வீட்டுக்கு ஒரு திறன்பேசி. அதுவும் கொழும்பிலே வேலைசெய்யும் மூத்தவரின் கையில், அல்லது மாலையிலே வேலைவிட்டு வரும் தந்தையின் கையில். சமிக்ஞை கிடைக்கும் மேட்டைத் தேடிப் பிள்ளைகள் ஏறவேண்டியிருந்தது. மாணவியராயின் கைத்தொலைபேசியோடு தனித்து மலையேறுவதற்கு வீட்டார் அனுமதி வேறு வேண்டும். 2022இன் பொருளாதார நெருக்கடி தரவுக் கட்டணத்தையும் கருவியின் விலையையும் உயர்த்தி இடரைப் பெருக்கியது. இவையெல்லாம் பலராலும் எடுத்துரைக்கப்பட்டவை. இவற்றோடு சேர்த்து நோக்கற்பாலதாயினும் போதிய கவனம் பெறாத ஒன்று, அக்குழுக்களின் உள்ளமைப்பாகும்.

ஆசிரியர் குறிப்பைப் படம்பிடித்து அனுப்புவார். மாணவர் அதனைப் பார்த்தெழுதுவர். கடந்தகால வினாத்தாள்களும் மாதிரி விடைகளும் குழுவிலிருந்து குழுவுக்குக் கைமாறும். இவற்றின் பயனை எவரும் மறுப்பதற்கில்லை. நகர்ப்புறத் தனியார் வகுப்புக்கு வழியற்ற உயர்தர மாணவருக்கு, முன்பு எட்டாதிருந்த குறிப்புகள் இன்று உள்ளங்கைக்கு வந்துள்ளன. ஆயின் ‘நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்பலாம்’ என்றோர் ஏற்பாடு 2018 முதல் வட்ஸ்அப்பில் உண்டு. காலை வணக்கங்களும் பகிர்ந்த செய்திகளும் பாடத்தை மூழ்கடித்துவிடும் என்ற நியாயமான அச்சத்தினாலே பல குழுக்கள் இவ்வாறு பூட்டப்படுகின்றன. பூட்டப்பட்ட குழுவிலே மாணவர் வினவ இயலாது. விளங்கவில்லை என்று கூறவும் இயலாது. இருநூறு பேர் இணைந்திருப்பினும் அது வலையமைப்பு அன்று, அறிவித்தற் பலகையே. தோட்டத்துப் பிரட்டுக்களத்திலே காலையில் வேலை பகிரப்படுவதைக் கண்டு வளர்ந்த சமூகத்துக்கு, ஒருவர் கூறப் பலர் கேட்டுக் கலையும் இம்முறை புதிதன்று என்பது வருந்தத்தக்கது.

கற்றல் வலையமைப்பு என்னும் எண்ணம் சமூக ஊடகங்களோடு பிறந்ததுமன்று. இவான் இலிச் 1971இல் வெளியிட்ட ‘பாடசாலை நீக்கிய சமூகம்’ என்ற பொருள்படும் நூலிலே ‘கற்றல் வலைகள்’ பற்றி விரிவாக எழுதினார். கற்றற் பொருள்களை எவரும் அடையக்கூடிய ஏற்பாடு, திறன்களைப் பரிமாறும் ஏற்பாடு, ஒரே வினாவிலே ஈடுபாடுடைய இருவரைச் சந்திக்கச்செய்யும் ஏற்பாடு, வழிகாட்டத்தக்க ஆசிரியரை இனங்காட்டும் ஏற்பாடு என நான்கினை அவர் வேண்டினார். இவற்றுள் மூன்றாவதே அவர் சிந்தனையின் உயிர்நிலை எனலாம். ஒருவர் தம் பெயரையும் முகவரியையும் தாம் ஆராய விரும்பும் பொருளையும் கணினியிற் பதிந்தால், அதே பொருளை நாடுவோரின் முகவரிகள் அவருக்கு அஞ்சலில் வந்துசேரும் என்பது அவர் கண்ட வழி. இன்றைய சமூக ஊடகம் இதனை நிறைவேற்றிவிட்டதாகத் தோன்றும். உண்மையிலோ அது வினாவால் மனிதரை இணைப்பதிலும் பார்க்க விருப்பத்தாலும் பழக்கத்தாலும் இணைப்பதே மிகுதி. நேற்று ஒருவர் எதனைப் பார்த்தாரோ அதனை ஒத்ததே இன்று அவர்முன் வைக்கப்படுகின்றது.

இலிச்சின் நூல் வெளிவந்த அதே 1971இல் மலையகச் சிறுகதைத் தொகுதியான ‘கதைக்கனிகள்’ வீரகேசரி வெளியீடாக வந்தது தற்செயலே. எனினும் அத்தற்செயல் பயனுடைய ஒப்பீட்டுக்கு இடந்தருகின்றது. அதிலுள்ள கதைகள் மலைநாட்டு எழுத்தாளர் மன்றம் நடத்திய போட்டிகளிலே தெரிவானவை. அம்மன்றத்தோடும் வீரகேசரியின் ‘தோட்ட மஞ்சரி’ப் பக்கத்தோடும் எஸ். எம். கார்மேகம் கொண்டிருந்த தொடர்பு மலையக இலக்கிய வரலாற்றை அறிந்தோர்க்குத் தெரிந்ததே. தோட்டத்திலிருந்து ஓர் இளைஞர் எழுதி அஞ்சலிற் சேர்ப்பார். அது வாசிக்கப்படும்; ஏற்கப்படும் அல்லது தள்ளப்படும். அச்சேறின் இன்னொரு தோட்டத்து இளைஞர் அதனைப் படித்துத் தாமும் எழுத முனைவார். ஒருவரையொருவர் முகமறியாதார் ஒரே வாழ்வைப் பற்றி எழுதுவோராக இவ்வாறு இணைந்தனர். அதற்கும் முன்பு, வெளியார் தோட்டத்துள் நுழைவதே அத்துமீறலாகக் கருதப்பட்ட காலத்திலே, கோ. நடேசய்யர் தம் பத்திரிகைகளாலும் துண்டுப் பிரசுரங்களாலும், மீனாட்சி அம்மாள் தம் பாடல்களாலும் தொழிலாளரிடையே தொடர்பினை உண்டாக்கினர். அச்செழுத்தை அறியாதவரும் பாடலைக் கேட்டனர், பாடினர்.

அக்காலத்தைப் பொற்காலமெனக் கொள்வதும் தவறாகும். பத்திரிகைப் பக்கத்துக்கு வாயில் ஒன்று, வாயிலோன் ஒருவர். எழுதியோர் பெரும்பாலும் ஆசிரியரும் உத்தியோகத்தருமான ஆடவர்; கொழுந்து பறிக்கும் பெண் அவர்தம் கதைகளிற் பாத்திரமாக வந்ததே மிகுதி. இன்று அப்பெண்ணின் மகள் எவர் அனுமதியுமின்றித் தன் குரலைப் பதிந்து உலகுக்கு விடுக்கலாம். 2023இல் ‘மலையகம் 200’ நினைவுகூரப்பட்டு, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் நிகழ்ந்த வேளையிலே, குடும்ப நினைவுகளும் பழைய புகைப்படங்களும் முகநூலிற் பகிரப்பட்டன. அச்சுப் பக்கம் அந்த அளவு இடந்தந்திருக்காது. ஆயினும் அச்சுப் பக்கம் எழுதியவருக்கு ஒரு மதிப்பீட்டைத் தந்தது. சமூக ஊடகம் அவருக்கு விருப்பக்குறிகளைத் தருகின்றது. எழுத்தைத் திருத்திக்கொள்ள விருப்பக்குறி உதவுவதில்லை.

சமூகவியலாளர் மார்க் கிரானொவெட்டர் 1973இல் வெளியிட்ட கட்டுரையொன்று இங்குத் துணைசெய்யும். புதிய செய்தி ஒருவருக்கு நெருங்கிய உறவினரிடமிருந்தன்றி, அரிதாகச் சந்திக்கும் அறிமுகங்களிடமிருந்தே பெரிதும் வருகின்றது என அவர் வேலை தேடியோரின் அனுபவங்கொண்டு காட்டினார். நெருங்கியோர் அறிந்ததை ஒருவர் முன்னரே அறிந்திருப்பார் என்பதே இதன் ஏது. லயத்து வாழ்விலே நெருங்கிய உறவுகளுக்குக் குறைவில்லை. ஒரே சுவரின் இருபுறமும் வாழ்வோர் ஒருவர் துன்பத்தை ஒருவர் அறிவர். குறைவாயிருப்பது தளர்ந்த தொடர்பே: பேராதனையில் இரசாயனம் பயிலும் ஒருவர், தாதியர் பயிற்சிக்கு எவ்வாறு விண்ணப்பிப்பது என அறிந்த ஒருவர். சமூக ஊடகத்தின் பெருவாய்ப்பு இங்கேதான் உள்ளது. எனினும் தோட்டத்து மாணவரின் குழுக்களை நோக்கின் வகுப்பு, தோட்டம், கோயில், விளையாட்டுக் கழகம் என முன்னைய நெருங்கிய உறவுகளே பெரும்பாலும் திரையில் மீண்டும் வரையப்பட்டிருக்கக் காணலாம். முகமறியாத விரிவுரையாளருக்கு ஒரு வினாவை எழுதும் துணிவைக் கருவி தானாகத் தந்துவிடாது. எழுதினால் மறுமொழி வரும் என்ற அனுபவமே அதனைத் தரும். பல்கலைக்கழகஞ் சென்ற மலையக மாணவர் தத்தம் பாடசாலைக் குழுக்களிலே தொடர்ந்திருந்து வாரம் ஒரு மணிநேரமேனும் வினாக்களுக்கு விடைகூறினால், இலிச் வேண்டிய நான்காவது ஏற்பாடு செலவின்றியே கைகூடும். இதற்குப் புதிய செயலி எதுவும் வேண்டுவதில்லை. குழுவின் பூட்டைத் திறந்தாற் போதும்.

முதலாவது ஏற்பாட்டைப் பொறுத்தவரை தமிழருக்கு ஒரு நற்பேறு வாய்த்துள்ளது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்திலே ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் எவரும் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. நோட்டன் பிரிட்ஜ் மாணவர் ஒருவர் தம் பாட்டனார் காலத்து மலையக எழுத்தைத் தம் திறன்பேசியிலேயே வாசிக்கலாம். அச்சேறியவை இவ்வாறு பிழைத்துக்கொண்டன. 2020, 2021ஆம் ஆண்டுகளில் மலைமுகட்டிலிருந்து மாணவர் அனுப்பிய வினாக்களும், இரவிலே ஆசிரியர்கள் குரற்பதிவாகச் சொல்லிய விளக்கங்களும் அவ்வாறு பிழைக்கவில்லை. கருவி பழுதானபோதும், நினைவகம் நிரம்பிப் பழையவை அழிக்கப்பட்டபோதும் அவற்றுட் பெரும்பகுதி மறைந்துபோயிற்று. எஞ்சியவற்றைத் தேடித் தொகுக்கும் பணி இன்னும் தொடங்கப்படவேண்டியதாகவே உள்ளது.