துளை சொல்லும் நேரம்

துளையிட்ட அட்டைகளை எண்ணிய பழைய இயந்திரங்களைப் பற்றிப் பேசுபவர்கள் அட்டையைத்தான் கொண்டாடுகிறார்கள். கொண்டாட்டத்துக்கு உரியது எண்ணிதான் என்பது என் கட்சி. 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக ஹெர்மன் ஹாலரித் அமைத்த இயந்திரத்தில் 40 எண்ணிகள் இருந்தன. ஒவ்வொன்றும் நூறு கோடுகளும் இரண்டு முட்களும் கொண்ட வட்ட முகப்பு. ஒரு முள் ஒன்றுகளையும் மற்றது நூறுகளையும் காட்டும். அட்டைமேல் ஊசிகள் இறங்கும்போது, துளை உள்ள இடத்தில் மட்டும் ஊசி உள்ளே போய்க் கீழே கிண்ணத்திலுள்ள பாதரசத்தைத் தொடும். மின்சுற்று இணையும், மின்காந்தம் முள்ளை ஒரு கோடு நகர்த்தும். பக்கத்திலிருந்த பெட்டியில் அந்த அட்டைக்கு உரிய அறையின் மூடியும் மின்சாரத்தாலேயே திறக்கும். எண்ணுவதும் வகைபிரிப்பதும் அங்கே ஒரே வேலையின் இரு கைகள்.

ஆனால் அந்த எண்ணிக்கு ஒன்று ஒன்றாகத்தான் ஏறத் தெரியும். அட்டையில் 7 என்று இருந்தால் ஏழைக் கூட்ட வேண்டுமே? ஐ.பி.எம். கணக்கு இயந்திரங்களின் பிற்கால எண்ணிகள் இதற்குக் கண்ட வழி, நான் அறிந்த இயந்திர யோசனைகளில் மிக அழகானது. அட்டை ஒன்பதாம் வரிசை முன்னே வர, ஒரே சீரான வேகத்தில் தூரிகைகளுக்கு அடியில் போகிறது. அதே தாளத்தில் ஓர் அச்சு ஓயாமல் சுழல்கிறது. துளை வந்ததும் தூரிகை மின்சாரத்தைக் கடத்த, மின்காந்தம் எண்சக்கரத்தை அச்சோடு கோத்துவிடுகிறது. பூஜ்ய வரிசையின் நேரம் வந்ததும் பிணைப்பு விடுபடுகிறது. ஒன்பதில் துளை என்றால் சக்கரம் ஒன்பது படி சுற்றும். மூன்றில் என்றால் மூன்று. துளை இருக்கும் இடம் நேரமாகி, நேரம் எண்ணாகிறது. சக்கரத்தைச் சுற்றும் வலு மோட்டாருடையது. எப்போது பிடிக்க வேண்டும் என்பதை மட்டும் மின்சாரம் சொல்கிறது. நிமிடத்துக்கு 450 அட்டைகளை வகைபிரித்த ஐ.பி.எம். இயந்திரமும் இதே நேரக்கணக்கில்தான் எந்த அட்டை எந்த அறைக்கு என்று தீர்மானித்தது.

பற்சக்கரத்தால் எண்ணுவது பாஸ்கல் 1642-லேயே தொடங்கிய வேலைதானே, இதில் என்ன புதுமை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை ‘கையில் ஒன்று’ என்று நாம் கூட்டலில் சொல்கிறோமே, அங்கே இருக்கிறது. பாஸ்கலின் பெட்டியில் 9999-உடன் ஒன்றைக் கூட்டினால் ஒரு சக்கரம் அடுத்ததைத் தள்ள, அது அதற்கடுத்ததைத் தள்ள வேண்டும். கையிருப்பு ஒவ்வொரு சக்கரமாகத்தான் நகரும். மின்னெண்ணியோ அவசரப்படுவதில்லை. ஒன்பதைத் தாண்டிய சக்கரம் ஒரு சிறு நெம்பைத் தட்டிவிட்டு, ‘தாண்டினேன்’ என்பதை மட்டும் குறித்துவைக்கிறது. கூட்டல் முழுதும் முடிந்த பிறகு, கையிருப்புக்கென்றே ஒதுக்கிய நேரத்தில் மின்துடிப்பு ஒன்று வருகிறது. ஒன்பதில் நிற்கும் சக்கரங்களின் தொடுமுனைகள் அதை அடுத்த இடத்துக்கும் கடத்திவிடுவதால், நகர வேண்டிய எல்லாச் சக்கரங்களும் ஒரே சமயத்தில் ஒரு படி நகர்கின்றன. தாண்டிய சக்கரத்துக்கே மறுபடி ஒன்று வந்து சேர்ந்தால்? ஒன்பதும் ஒன்பதும் பதினெட்டு. எனவே அது எட்டுக்கு மேல் நிற்க முடியாது, ஒன்று சேர்ந்தாலும் ஒன்பதோடு அடங்கிவிடும். ஒரு சக்கரத்துக்கு ஒரு நெம்பு போதும் என்பதற்கு எண்கணிதமே உத்தரவாதம். 

மின்னணு எண்ணிகளின் வேகத்துக்கு முன்னால் இவை நத்தைகள்தான், மறுக்கவில்லை. ஆனால் வேகம் ரசனைக்கு அளவுகோல் அல்ல. அலுவலகக் கணக்குக்கு மட்டுமே உதவிய கருவிகள் என்று ஒதுக்குவதும் பொருந்தாது. 1944-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் பெற்ற மார்க் 1 கணினியில், 23 இலக்க எண்களைத் தாங்கிய 72 திரட்டிகளும் இத்தகைய சக்கர எண்ணிகளால் ஆனவையே.