கோயில் குளியலும் குழாய் எந்திரமும்

திருமலையில் ஆண்டுக்கு 4 முறை கோயிலையே குளிப்பாட்டுகிறார்கள். யுகாதி, ஆனிவார ஆஸ்தானம், பிரம்மோற்சவம், வைகுண்ட ஏகாதசி ஆகியவற்றுக்கு முன்பு, வழக்கமாகச் செவ்வாய்க்கிழமையில் நடக்கும் கோயில் ஆழ்வார் திருமஞ்சனம் அது. மூலவரைத் துணியால் மூடி, பூஜைப் பாத்திரங்களை வெளியே எடுத்துவைத்து, கூரை, சுவர், தூண் எல்லாவற்றையும் அலம்புவார்கள். பிறகு நாமக்கட்டி, ஸ்ரீசூரணம், கஸ்தூரி மஞ்சள், பச்சைக் கற்பூரம், கிச்சிலிக் கிழங்கு கலந்த பரிமள நீரைத் தெளிப்பார்கள். ஒட்டடை போன இடத்தில் மணம் ஏறிவிடும்.

வேக்குவம் கிளீனரும் ஒரு வழிபாட்டுத் தலத்தில்தான் பேர் வாங்கியது. 1901இல் ஹியூபர்ட் செசில் பூத் லண்டனில் உருவாக்கிய எந்திரம், மறு ஆண்டு ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளங்களைச் சுத்தம் செய்தது. குதிரை வண்டியில் வரும் எந்திரம் தெருவிலேயே நிற்கும். குழாய் மட்டும் ஜன்னல் வழியே வீட்டுக்குள் போகும். அதைக் கைக்கு அடக்கமாக்கியவர் அமெரிக்காவின் ஓஹியோவில் துப்புரவு வேலை பார்த்த, ஆஸ்துமாக்காரரான ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர். விசிறி மோட்டார், துடைப்பக் கம்பு, தலையணை உறை: அவ்வளவுதான் சாமான். 1908இல் காப்புரிமை கிடைத்தது; ஹூவர் குடும்பம் அதை வாங்கிப் பெரும் தொழிலாக்கியது.

நம் பக்கம், 1982இல் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனத்தின் டை கட்டிய விற்பனைப் பிள்ளைகள் வீடுவீடாக வேக்குவம் கிளீனரைக் கொண்டுவந்தார்கள். கம்பளமில்லாத எங்கள் சித்தூர் வீடுகளில் தரைக்குப் பூந்துடைப்பமும் வாசலுக்குத் தென்னந்துடைப்பமுமே போதும். சோபா இடுக்கு, மெத்தை மடிப்பு, புத்தக அலமாரியின் பின்பக்கம்? அங்கே ஸ்பாங்ளரின் சரக்கை மிஞ்ச ஆளில்லை.