ரெங்கேயின் முகம்

‘நொன் நொன் பியோரி’ அனிமேயில் பெரிய கதை கிடையாது. மொத்தமே ஐந்து பிள்ளைகள் படிக்கும் மலைக்கிராமத்துப் பள்ளி, எப்போதாவது வரும் பஸ், அவ்வளவுதான். 2013இல் வந்த முதல் சீசனின் நான்காம் பகுதியில், கோடை விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்கு வரும் ஹொனோகாவோடு ஒன்றாம் வகுப்பு ரெங்கே சிநேகமாகிறாள். ஒருநாள் விளையாடக் கூப்பிடப் போனால் அவள் இல்லை. அப்பாவுக்குத் திடீர் வேலை, கிளம்பிட்டாங்க என்கிறாள் பாட்டி. ரெங்கேக்குப் பேச்சு வரவில்லை. காட்சி அவள் முகத்தைவிட்டு நகராமல் நிற்க, கண் மெல்ல நிறைகிறது.

சாரல் நின்று, சீசன் கூட்டம் போனபின் குற்றாலத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு இந்த முகம் புரியும்.

ஆனா மற்ற பகுதிகளில் இந்த நேர்மை இல்லை. ஐந்து பிள்ளைகள்தான் மிச்சம் என்றால் அந்த ஊர் காலியாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தொடருக்கு அது வெறும் அழகு. ரெங்கேயின் அக்கா டோக்கியோவில் படிப்பதுகூட ஜம்பம் அடிக்கிற நகைச்சுவைதான். வயல் உண்டு, வயல் கடன் கிடையாது. தென்காசிப் பக்கம் அப்படி ஒரு வயலை நான் பார்த்ததில்லை. 2015இல் வந்த இரண்டாம் சீசனோ, யாரும் வளர்ந்துவிடக் கூடாதென்று அதே வருஷத்துக்கே திரும்பிப் போகிறது.

ஹொனோகாவின் கடிதத்தையும் அதே பகுதியிலேயே கொண்டுவந்திருக்க வேண்டாம். ஒரு வாரமாவது நம்மையும் காக்க வைத்திருக்கலாம்.