கல்கியின் இசை விமர்சனம்: ஒரு ரசிகரின் எழுத்து

கல்கி என்ற புனைபெயரால் அறியப்படும் ரா. கிருஷ்ணமூர்த்தி (1899–1954) நாவலாசிரியர், இதழாசிரியர், விடுதலைப் போராட்ட வீரர். 1930களில் ஆனந்த விகடனிலும், 1941 முதல் தம் சொந்த இதழான கல்கியிலும் இசை, நடனம் பற்றித் தொடர்ந்து எழுதினார். 'கர்நாடகம்' என்ற பெயரில் அவர் எழுதிய 'ஆடல் பாடல்' பகுதி தமிழில் வெகுமக்களுக்கான இசை விமர்சனத்தின் முன்னோடி முயற்சிகளுள் ஒன்று. புதிய பாடல்களை இயற்றிப் பாடுவோர் மீது அவர் கொண்ட ஈடுபாடும், தமிழிசை இயக்கத்தில் அவர் ஆற்றிய பங்கும் இந்த எழுத்தின் மையம். அந்த எழுத்தின் வலிமையும் குறைகளும் இக்கட்டுரையில் மதிப்பிடப்படுகின்றன.

காவிரிக்கரைப் பின்புலம்

கல்கி பிறந்த புத்தமங்கலம், மயிலாடுதுறையை அடுத்த மணல்மேட்டுக்கு அருகில் உள்ளது. அன்று அது தஞ்சை மாவட்டம். மயிலாடுதுறைக்கு மாயவரம் என்று பெயர். அந்த வட்டாரத்தில் பாட்டு எழுதுகிறவரும் பாடுகிறவரும் வெவ்வேறு ஆட்கள் அல்லர். சொல்லையும் மெட்டையும் தாமே அமைத்துப் பாடுகிறவரை இசை மரபு வாக்கேயக்காரர் என்று அழைக்கிறது. திருவாரூரில் பிறந்து திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜர், திருவாரூரில் பிறந்த சியாமா சாஸ்திரி, முத்துசுவாமி தீட்சிதர் ஆகிய மூவரும் வாக்கேயக்காரர்களே. அவர்களுக்கு முன்பே சீர்காழிப் பகுதியில் முத்துத் தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் மாரிமுத்தாப் பிள்ளையும் தமிழில் கீர்த்தனை இயற்றினர். மாயவரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை சர்வ சமய சமரசக் கீர்த்தனை பாடினார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் மாயவரத்திலும் ஆனந்ததாண்டவபுரத்திலும் வாழ்ந்தவர். இளம் வயதில் உ.வே. சாமிநாதையர் அவரிடம் சிறிது காலம் இசை கற்றார்.

கல்கி பிறந்தபோது இந்தப் பாடல்கள் கோயிலிலும் திருமணத்திலும் கதாகாலட்சேபத்திலும் தெருப் பஜனையிலும் புழங்கின. கேட்பதற்குக் காசு வேண்டியதில்லை. அறுவடை முடிந்த காலத்துத் திருவிழாவில் நெல் அளக்கும் கூலியாளும் மிராசுதாரும் ஒரே நாதஸ்வரத்தைக் கேட்டனர், நின்ற இடம் மட்டும் வேறு. கல்கியின் இசை எழுத்தில் தொடர்ந்து ஒலிப்பது இந்தக் கேட்பனுபவம். ராகத்தின் பெயர் தெரியாதவரும் பாட்டில் ஒன்றலாம் என்ற நம்பிக்கை அவருக்கு அங்கிருந்து வந்தது.

'கர்நாடகம்' என்ற பெயர்

தஞ்சைச் சீமை வித்வான்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து சென்னைக்குக் குடிபெயரத் தொடங்கினர். சபாக்கள் தோன்றின. 1928இல் சென்னை சங்கீத வித்வத் சபை அமைந்தது. கேட்பவர் டிக்கெட் வாங்கி உட்காரும் நிலை வந்தது. காசு கொடுத்தவருக்குக் கச்சேரி நன்றாக இருந்ததா என்று கேட்கும் உரிமையும் உடன் வந்தது. அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் ஆளாகக் கல்கி எழுதத் தொடங்கினார்.

அவர் தேர்ந்த புனைபெயரிலேயே கேலி உண்டு. கர்நாடகம் என்பது இசையின் பெயர். பேச்சுவழக்கில் பழம்போக்கு ஆசாமியையும் 'சுத்தக் கர்நாடகம்' என்பார்கள். இசை பற்றிய எழுத்து அதுவரை பெரும்பாலும் இலக்கணமாகவோ புகழ்மாலையாகவோ இருந்தது. கல்கி அதைத் திண்ணைப் பேச்சின் நடைக்குக் கொண்டுவந்தார். பாடகரின் குரல், சபையின் மனநிலை, பக்கவாத்தியத்தின் போக்கு, கேட்பவரின் அலுப்பு எல்லாம் அவருக்குப் பொருளாயின. இதழ் தபாலிலும் ரயிலிலும் ஊர்களுக்குச் சென்றது. சென்னைச் சபாக்களில் கால் வைத்திராத மன்னார்குடி வாசகருக்கும் அங்கு யார் என்ன பாடினார் என்று தெரிந்தது. அடுத்த கச்சேரியைப் பற்றிய எதிர்பார்ப்பு ஊர்தோறும் பரவியதில் இந்தப் பத்திக்குப் பங்கு உண்டு.

புதிய பாட்டுக்கான காத்திருப்பு

கல்கியின் காலத்தில் தஞ்சைச் சீமையின் வாக்கேயக்கார மரபைத் தமிழில் தொடர்ந்தவர் பாபநாசம் சிவன் (1890–1973). இயற்பெயர் ராமய்யா. நாகப்பட்டினம் பக்கத்துப் போலகத்தில் பிறந்து, சிறுவயதில் தந்தையை இழந்து, தாயுடன் திருவனந்தபுரம் சென்றார். அங்கே வடமொழி கற்றார்; நீலகண்ட சிவனின் பஜனைகளில் ஈடுபட்டார். தாயின் மறைவுக்குப் பின் தஞ்சைச் சீமைக்குத் திரும்பி, கோயில் கோயிலாகப் பாடித் திரிந்தார். திருநீறு பூசிய கோலத்தைக் கண்டு மக்கள் இட்ட பெயரே பாபநாசம் சிவன். 'ராமதாசன்' என்பது அவருடைய பாடல் முத்திரை. பின்னர் சென்னைக்கு வந்து மயிலாப்பூர் மாட வீதிகளில் மார்கழி பஜனை நடத்தினார். ஊரில் விடியற்காலையில் நடந்த வழக்கம் அவரோடு பட்டணத்துக்கு வந்தது. ரசிகர்கள் அவரைத் தமிழ்த் தியாகராஜர் என்றனர்.

சிவனின் 'கீர்த்தன மாலை' 1934இல் வெளிவந்தது. அதே ஆண்டில் சீதா கல்யாணம் படத்தின் மூலம் அவர் திரையிசைக்கும் வந்தார். அசோக்குமார், சிவகவி, ஹரிதாஸ் முதலிய படங்களில் எம்.கே. தியாகராஜ பாகவதர் பாடிய அவருடைய பாடல்கள் இசைத்தட்டுகளில் பரவின. ஆக, சிவனின் புதிய பாட்டு ஒரு ரசிகரிடம் மூன்று வழிகளில் வந்து சேர்ந்தது: வீதி பஜனை, அச்சிட்ட நூல், இசைத்தட்டு.

இதே காலத்தில் அமெரிக்காவில் உட்டி கத்ரி என்னும் பாடகர் புழுதிப்புயலால் நிலம் இழந்த உழவர்களைப் பற்றித் தாமே பாட்டெழுதிப் பாடிவந்தார். அவருடைய 'டஸ்ட் பவுல் பாலட்ஸ்' தொகுப்பு 1940இல் இசைத்தட்டுகளாக வந்தது. அங்கே பாட்டு பெரிதும் பாடியவரின் குரலோடு சேர்த்தே நினைக்கப்படுகிறது. இங்கே வாக்கேயக்காரரின் பாட்டு வெளிவந்த மறுநாளே பிறருடையது ஆகிவிடுகிறது. நூறு பேர் பாடினால்தான் அது கீர்த்தனை. எனவே இங்குள்ள ரசிகர் பாட்டு வருமா என்று மட்டும் காத்திருப்பதில்லை. வந்த பாட்டை மேடையில் எடுத்துப் பாடுவார்களா என்றும் காத்திருக்கிறார். கல்கியின் விமர்சனத்தில் உள்ள வேகத்தை இந்த இரண்டாவது காத்திருப்பைக் கொண்டே புரிந்துகொள்ள முடியும்.

தியாகபூமி

கல்கியின் தியாகபூமி ஆனந்த விகடனில் தொடராக வந்தபோதே கே. சுப்ரமணியம் இயக்கத்தில் படமாகவும் உருவாயிற்று. படக் காட்சிகளே தொடருக்குப் படங்களாக அச்சாயின. 1939இல் வெளியான அப்படத்தைப் பின்னர் ஆங்கில அரசு தடை செய்தது. கதையின் சம்பு சாஸ்திரி தஞ்சைச் சீமைக் கிராமத்துப் பெரியவர், பஜனையில் தோய்ந்தவர். புயல் வெள்ளத்தில் வீடிழந்த சேரி மக்களைத் தம் மாட்டுக் கொட்டகையில் தங்கவைத்ததற்காக ஊர் அவரைத் தள்ளிவைக்கிறது. அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் பாபநாசம் சிவன்.

தெருவில் பாடித் திரிந்த பாடகர், தெருவுக்கு வந்துவிட்ட பக்தராகத் திரையில் தோன்றினார். கல்கியின் இசைக் கருத்து அவருடைய கட்டுரைகளைவிட இந்தப் பாத்திரத்தில் தெளிவாக உள்ளது. சம்பு சாஸ்திரியின் பக்தி பாட்டோடு நின்றிருந்தால் ஊர் அவரைக் கொண்டாடியிருக்கும். கொட்டகைக் கதவைத் திறந்த பிறகுதான் அந்தப் பாட்டின் பொருளை ஊர் சோதிக்கிறது. பாட்டின் சொல் கேட்பவருக்குப் புரிய வேண்டும் என்று கல்கி பின்னாளில் வாதிட்டதன் வேர் இங்கே இருக்கிறது. சொல் புரிந்தால் அது கேட்பவரிடம் ஏதோ ஒன்றைக் கோரும் என்று அவர் கருதினார்.

தமிழிசை இயக்கம்

1941 ஆகஸ்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் ஆதரவில் தமிழிசை மாநாடு நடந்தது. 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது. ராஜாஜி, டி.கே. சிதம்பரநாத முதலியார், ஆர்.கே. சண்முகம் செட்டியார் முதலியோர் ஆதரித்த இவ்வியக்கத்துக்குக் கல்கியின் பேனா பெருந்துணை. கச்சேரியின் முக்கியப் பகுதி முழுதும் பிறமொழிக் கீர்த்தனைகள் ஆள, தமிழ்ப் பாட்டு கடைசியில் துக்கடாவாக ஒதுங்குவதை அவர் விடாமல் கேள்வி கேட்டார். எதிர்த்தரப்பு, இசைக்கு மொழி முக்கியமல்ல என்றது. தியாகராஜரை ஒதுக்கும் முயற்சி இது என்றும் குற்றம் சாட்டியது.

தமிழில் போதிய கீர்த்தனை இல்லை என்பது எதிர்த்தரப்பின் மற்றொரு வாதம். அந்த வாதத்தை முறியடிக்கப் பட்டியல் போட்டால் போதாது. பாடகர்கள் கற்றுக்கொள்ள ஸ்வரப்படுத்திய நூல் வேண்டும், புதிய பாட்டும் வேண்டும். வாக்கேயக்காரர் மீதான ரசிக ஆர்வம் இங்கே ஒரு பொதுத் தேவையாக மாறியது. தம் மொழிப் பாட்டைத் தம் ஊர் மேடையில் முழுக் கவனத்தோடு கேட்க முடியுமா என்பது அன்று பலருடைய தன்மானக் கேள்வி. கல்கி அதைச் சிரிக்கச் சிரிக்கக் கேட்டார், ஆனால் விளையாட்டாகக் கேட்கவில்லை.

கல்கியே பாட்டும் எழுதினார். 1945இல் வெளியான மீரா படத்தில் எஸ்.வி. வெங்கட்ராமன் இசையில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய 'காற்றினிலே வரும் கீதம்' அவருடைய ஆக்கம். பொன்னியின் செல்வனில் கோடிக்கரைப் பூங்குழலி பாடும் பாட்டும் அவர் எழுதியதே. வீராணத்தங்கரையில் ஆடிப்பெருக்குக் கொண்டாட்டத்தோடு அந்நாவல் தொடங்குவதும், ஆழ்வார்க்கடியான் பாசுரம் பாடியபடி அலைவதும், சிவகாமியின் சபதத்தில் நாவுக்கரசர் பாத்திரமாக வருவதும் இசை ரசிகர் ஒருவரின் தேர்வுகள்.

குறைகள்

கல்கியின் இசை எழுத்துக்கு மூன்று குறைகளைச் சொல்லலாம்.

முதலாவது, இலக்கண ஆய்வின் மெலிவு. ஒரு ராகத்தைப் பாடகர் எப்படி வளர்த்தார், எந்தப் பிடியில் அதன் உருவம் தெளிந்தது என்பதை அவர் நுட்பமாக விளக்குவது குறைவு. விளைவைச் சொல்வார், விளைந்த வழியைச் சொல்லமாட்டார். தி. ஜானகிராமனின் மோகமுள்ளில் ரங்கண்ணாவின் தம்பூராச் சுருதியை வாசகர் உள்ளிருந்து கேட்கிறார். கல்கியிடம் வாசகர் சபையில், நல்ல நண்பர் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறார். இரண்டும் தஞ்சைச் சீமைக் காதுகளே. ஆழம் ஜானகிராமனுடையது, பரப்பு கல்கியுடையது.

இரண்டாவது, சொல்லுக்கு அளித்த கூடுதல் எடை. சொல் புரிய வேண்டும் என்ற வாதம் கீர்த்தனைக்குப் பொருந்தும். ராக ஆலாபனைக்கும் நாதஸ்வரத்துக்கும் அது பொருந்தாது. திருவிழாவில் விடிய விடிய மல்லாரியும் தோடியும் கேட்ட மக்கள் எந்தச் சொல்லையும் பற்றிக்கொண்டு கேட்கவில்லை. கல்கி வளர்ந்த மண்ணின் கேட்பு மரபே அவருடைய வாதத்துக்கு ஓர் எல்லை போடுகிறது. எனினும், பிறமொழிச் சொல்லைப் பாடுகையில் 'இசைக்கு மொழியில்லை' என்றவர்கள் தமிழ்ப் பாட்டு என்றதும் மொழியைக் காட்டி மறுத்ததை அவர் சுட்டியது சரியே.

மூன்றாவது, நெருக்கம். கல்கி இதழை அவருடன் சேர்ந்து நிறுவியவர் டி. சதாசிவம். அவர் மனைவி எம்.எஸ். சுப்புலட்சுமி. 'சாவித்திரி' படத்தில் எம்.எஸ். நடித்து ஈட்டிய பணம் இதழ் தொடங்க உதவியது. தம் இதழின் குடும்பத்தில் ஒருவரான பாடகியைப் பற்றி அதன் ஆசிரியர் எழுதும்போது நடுநிலையை எதிர்பார்ப்பது கடினம். அப்பாராட்டு பொய் என்று ஆகாது; எம்.எஸ். அதற்கு முன்பே புகழ்பெற்றவர். ஆனால் விமர்சகர் எங்கே உட்கார்ந்து கேட்கிறார் என்பதை வாசகர் அறிந்து படிக்க வேண்டும்.

மதிப்பீடு

ரசிகரின் ஆர்வம் விமர்சனம் ஆகுமா என்ற கேள்விக்குக் கல்கியின் எழுத்து ஒரு விடை தருகிறது. வெறும் ஆர்வம் புகழ்ச்சியில் முடிகிறது. கல்கியின் ஆர்வம் கோரிக்கையாக மாறியது: இன்னும் பாட்டு வேண்டும், புரியும் பாட்டு வேண்டும், அது மேடையின் நடுவில் வேண்டும். ராகத்தின் நுட்பத்தை அவரிடம் கற்க முடியாது. ஆனால் கேட்பவருக்கும் இசையில் உரிமை உண்டு என்பதைத் தமிழ் வாசகர்களுக்குக் கற்பித்தவர்களில் அவர் முதன்மையானவர்.

பாபநாசம் சிவனுக்கு 1971இல் சங்கீத கலாநிதி விருதும் 1972இல் பத்மபூஷண் விருதும் வழங்கப்பட்டன. தமிழ்ப் பாட்டின் இடம் குறித்து வாதம் நடந்த காலத்திலிருந்து முப்பது ஆண்டுகள் கழித்து, வித்வத் சபையின் உயர்ந்த விருது ஒரு தமிழ் வாக்கேயக்காரரை அடைந்தது. கல்கி அதைக் காண உயிரோடு இல்லை. இன்று சிவனின் கீர்த்தனைகள் கச்சேரியின் நடுப்பகுதியிலும் விரிவாகப் பாடப்படுகின்றன. அவற்றைக் கேட்கும் பலர் 'கர்நாடகம்' எழுதிய ஒரு பத்தியையும் படித்திருக்க மாட்டார்கள். அவர் கேட்டது நடந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.