இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு தகடு

மழைத்தண்ணீர் புகுந்த காரைக் காயவைக்க வேண்டுமென்றால் முன்சீட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கார்பெட்டுக்கு அடியில் உள்ள பஞ்சு குடித்த தண்ணீரை லேசில் விடாது. 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இது தெரியும். சீட்டைப் பிடித்திருப்பவை பெரும்பாலும் நாலே போல்ட்கள். ஆனால் சாய்மானத்தின் கதவுப்பக்க ஓரத்தில் ‘ஏர்பேக்’ என்று ஒரு சின்னப் பட்டி தைத்திருந்தால், ஸ்பானரை எடுக்கும் முன் கொஞ்சம் நிற்க வேண்டும். உள்ளே வெடிமருந்து இருக்கிறது. அதைச் சுற்றிச் செய்து வைத்திருக்கும் ஏற்பாடுகள் ஒவ்வொன்றும் நின்று ரசிக்கத் தக்கவை.

முன்பக்க மோதலில் பானெட்டும் அதன் கீழிருக்கும் இரும்பும் நசுங்கிக் கொஞ்சம் நேரம் வாங்கித் தரும். பக்கவாட்டில் அந்தச் சலுகை இல்லை. கதவுக்கும் விலா எலும்புக்கும் நடுவே இருப்பதே கொஞ்சம் இடம்தான். அதனால் இந்த ஏர்பேக் 10 முதல் 20 மில்லிசெகண்டுக்குள் விரிந்து முடிய வேண்டும். கண்ணிமைக்கக்கூட அதைப் போல் பல மடங்கு நேரம் ஆகும். இத்தனை அவசரம் கொண்ட பொருள், அதே சீட்டுக்குள் வருஷக்கணக்கில் சும்மா இருக்கவும் வேண்டும். கதவை அறைந்து சாத்தினாலும், குழந்தை உதைத்தாலும், மெக்கானிக் வயரைப் பிடுங்கினாலும் அசையக் கூடாது. விரியத் தவறக் கூடாது. தவறியும் விரியக் கூடாது. இந்த இரண்டையும் ஒன்றாகச் சாதித்திருப்பதில்தான் என் மனம் நிற்கிறது.

கழற்றும் வரிசையைப் பாருங்கள். மோட்டாரில் நகரும் சீட்டானால், கரண்ட் இருக்கும்போதே முன்னும் பின்னும் நகர்த்தி போல்ட்களுக்கு வழிசெய்துகொள்ள வேண்டும். பிறகு இக்னிஷனை அணைத்து, சாவியை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்ற வேண்டும். அடுத்து, காத்திருக்க வேண்டும். விபத்தின் முதல் அடியிலேயே பேட்டரி நொறுங்கிப் போனாலும் ஏர்பேக் விரிய வேண்டுமே! அதற்காக அதை இயக்கும் பெட்டிக்குள் ஒரு கெப்பாசிட்டர் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும். அந்தச் சேமிப்பு வடியும் வரை சீட்டின் வயரில் கை வைக்கக் கூடாது. டொயோட்டா 90 நொடி என்கிறது, ஹோண்டா 3 நிமிடம் என்கிறது. இன்னும் அதிகம் கேட்கும் வண்டிகளும் உண்டு. அந்தந்த வண்டியின் சர்வீஸ் புத்தகம் சொல்வதுதான் கணக்கு.

இனி சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கனெக்டர். ஏர்பேக், பெல்ட்டை இறுக்கும் ப்ரீடென்ஷனர் போன்றவற்றுக்கு மஞ்சள் என்பது கார் உலகில் ஊறிப்போன வழக்கம். வயரைப் பிடித்து இழுத்தால் வராது, இழுக்கவும் கூடாது. பூட்டின் மேல் இன்னொரு பூட்டு. சின்ன பிளாஸ்டிக் நாக்கு ஒன்றைத் தள்ளிவிட்டால்தான் கீழே இருக்கும் பூட்டு இளகும்.

பிரிந்ததும், சீட்டோடு வரும் பாதியை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கையால் தொட வேண்டாம். உள்ளே இரண்டு முனைகள். அவற்றின் மேல் படிந்தபடி, வளைந்த மெல்லிய உலோகத் தகடு ஒன்று. ஷார்ட்டிங் பார் என்பார்கள். கனெக்டர் சேர்ந்திருக்கும்போது எதிர்ப்பாதியின் பிளாஸ்டிக் நுனி இந்தத் தகட்டை விலக்கிப் பிடித்திருக்கும். பிரிகிற கணத்திலேயே தகடு தன் மீள்விசையால் திரும்பி வந்து இரண்டு முனைகளையும் இணைத்துவிடும். பாலியஸ்டர் சட்டை சீட்டில் உரசிப் பிறக்கும் நிலைமின்சாரம் அங்கே வந்து சேர்ந்தாலும், இரண்டு முனைகளும் இணைந்து கிடப்பதால் ஏர்பேக்கைப் பற்றவைக்கும் திரிக்குள் அது பாய வழியில்லை. அந்தத் திரியின் மின்தடை 2 ஓம் அளவுதான். ஒரு ஆம்பியருக்குச் சற்று மேல் கணநேரம் பாய்ந்தால் பற்றிக்கொள்ளும். வயர் நன்றாக இருக்கிறதா என்று மல்டிமீட்டரை அங்கே வைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

இந்தத் தகட்டை யாரும் போய் இயக்க வேண்டியதில்லை. பிடுங்குகிற செயலே அதை இயக்கிவிடுகிறது. முகம் தெரியாத ஒரு மெக்கானிக்கின் மறதியையும் அவசரத்தையும் எங்கோ வரைபலகை முன் உட்கார்ந்து ஒருவர் நினைத்துப் பார்த்திருக்கிறார். எனக்கு இதில் அன்பு தெரிகிறது.

சீட்டில் பக்கவாட்டு ஏர்பேக்கை முதலில் கொண்டுவந்த வோல்வோ, 1995 மாடல் 850-இல் இதை மின்சாரமே இல்லாமல் செய்தது. மோதலை உணரும் கருவியும் சீட்டிலேயே. கதவு உள்ளே தள்ளப்பட்டால் அது நேரடியாக மருந்தைப் பற்றவைக்கும். அதில் பேட்டரியைக் கழற்றிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது.

சாய்மானத்தின் ஓரத் தையலையும் சொல்ல வேண்டும். சீட்டின் மற்ற தையல்கள் எல்லாம் வருஷக்கணக்கில் உழைக்கத் தைத்தவை. இது ஒன்று மட்டும், வேளை வந்தால் சட்டென்று பிரிவதற்காகவே அளந்து தைத்தது. அதன் மேல் கனத்த ரெக்சின் கவரை இழுத்து மாட்டுவதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. கவர் வேண்டுமானால் அந்த ஓரத்துக்கு வழிவிட்டுத் தைத்ததாக வாங்குங்கள்.

வெளியே எடுத்த சீட்டை, ஏர்பேக் பக்கம் எதிலும் முட்டாமல் நிமிர்த்தி வைக்க வேண்டும். வெள்ளத்தில் முழுகிய ஏர்பேக்கானால் கம்பெனி சர்வீஸில் பார்க்காமல் திரும்ப மாட்டக் கூடாது. சீட் வெளியே கிடக்கும்போது சாவியைத் திருப்பவே வேண்டாம். பிழைக் குறியீடு பதிந்துவிடும். திரும்ப மாட்டும்போது கனெக்டர் ‘க்ளிக்’ என்று உட்கார வேண்டும், பேட்டரி கடைசி. டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணையும். அணையாவிட்டால் ஸ்கேனர் வைத்துப் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.