காதலிக்கும் எந்திரம், தொலையாத விண்வீரன்

1986 ஜனவரியில், ஆம்பூருக்குத் தெற்கே ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியை ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். அதே ஆண்டு மே மாதம் கமலின் ‘விக்ரம்’ வந்தது. கதை சுஜாதா. கடத்தப்படும் ஏவுகணையின் பெயர் அக்னிபுத்ரா. நிஜ அக்னி பறந்ததோ 1989-இல்தான்.

பாட்டிலும் அதே வேகம். இளையராஜா இசையில் கமலே பாடிய தலைப்புப் பாடலில் மெலடியை விடத் தாளத்துக்கே முதல் மரியாதை. எந்திரம்போல இறங்கும் அடி, மேலே சிந்தசைசர், நடுநடுவே நாயகன் பெயரையே முழக்கமாக்கும் குரல். கேட்கும்போதே உடம்பு நிமிர்கிறது. ஆனால் அறிவியல் புனைகதை அங்கே வேலை செய்வது ஒலியில் மட்டும்தான். மற்றபடி அது நாயகனின் அறிமுகப் பாட்டு.

மேலை ராக் ஆடிய ஆட்டமே வேறு. நிலவில் மனிதன் இறங்க ஒன்பது நாள் இருக்கையில், 1969 ஜூலை 11-இல் வந்த டேவிட் போவியின் ‘ஸ்பேஸ் ஆடிட்டி’யில் விண்வீரன் திரும்பி வருவதே இல்லை. பிளாக் சபாத்தின் ‘அயர்ன் மேன்’ இரும்பாகிப்போனவனை ஊரே கண்டுகொள்ளாத கோபம். ரஷ் குழு 1976-இல் ‘2112’ என்று இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே கதையைப் பாடியது: சர்வாதிகார உலகில் ஒருவன் கையில் கிடார் கிடைக்கிறது, பூசாரிகள் அதை நொறுக்குகிறார்கள். தோற்றவன் பக்கம் நிற்கத் தயங்காத பாட்டுகள் இவை.

‘எந்திரன்’ (2010) நெருங்கி வந்தது. மதன் கார்க்கியின் தமிழ் வரிகளோடு ரஹ்மான் பாடிய ‘இரும்பிலே ஒரு இருதயம்’ துள்ளல் குறையாத பாட்டு. ஆனாலும் எந்திரம் கடைசியில் காதலனாகிவிடுகிறது. என் கணக்கில் அதே படத்தின் ‘புதிய மனிதா’தான் முந்துகிறது. எஸ்.பி.பி.யின் முதிர்ந்த குரலையும் தன் மகள் கதீஜாவின் இளங்குரலையும் ஒரே பாட்டில் வைத்து, படைத்தவனையும் படைப்பையும் எதிரெதிரே நிறுத்துகிறார் ரஹ்மான். தமிழில் அறிவியல் புனைகதை இசையாகவே மாறிய இடம் அது.

சினிமாவுக்கு வெளியேதான் பெரிய பள்ளம். ராக் பாடகனின் ஜாக்கெட்டுக்கு வேண்டிய தோல் ஆம்பூர், ராணிப்பேட்டை டேனரிகளில் பதமாகிறது. கதைக்கு வேண்டிய வானமும் பக்கத்திலேயே. யுரேனஸுக்கு வளையம் உண்டு என்று காட்டிய 1977 பதிவுகளில் காவலூருடையதும் ஒன்று. வேலூர்க் கல்லூரி விழாக்களில் கிடாரோடு மேடையேறும் பிள்ளைகளே, அடுத்த முறை போவியைப் பாடி முடித்ததும் காவலூரையும் ஒரு பாட்டாக்குங்கள்.