பங்கிலிருந்து பக்திக்கு: வேதச் சொற்பொருள் மாற்றம் பற்றிய ஒரு நோக்கு

பண்டைய இந்துசமய இலக்கியங்களிற் பயிலும் வடமொழிச் சொற்கள் பல இன்றும் நம்மிடையே வழங்குகின்றன. கோத்திரம், கிராமம், பலி, பாகம், பக்தி முதலியன தமிழ் மக்களின் வழக்கிலும் வழிபாட்டிலும் இரண்டறக் கலந்துவிட்ட சொற்களாகும். பழக்கத்தின் காரணமாக, இவற்றின் பொருள் என்றுமே இன்றுள்ளது போல இருந்ததென்னும் எண்ணம் எளிதில் ஏற்பட்டுவிடுகின்றது. சமயச் சார்பு அவ்வெண்ணத்தை மேலும் வலுப்படுத்துகின்றது. வேதம் அநாதி எனக் கொள்ளப்படும்போது வேதச் சொல்லின் பொருளும் அநாதியாகிவிடுகின்றது. பொருள் அநாதியெனின் அது சுட்டும் சமூக ஏற்பாடும் அநாதியாகத் தோன்றும். கோத்திரம் என்பது என்றுமே குலமரபைக் குறித்தது என்போர், அத்தகைய குலமரபுப் பிரிவுகளும் என்றுமே இருந்தன எனச் சொல்லாமற் சொல்கின்றனர். ஆகவே, சொற்பொருள் ஆராய்ச்சியை மொழிநூலாருக்கு மட்டுமே உரியதென நாம் ஒதுக்கிவிடல் இயலாது.

1

வேதச் சொற்களின் பொருள் பண்டைக் காலத்திலேயே விவாதத்துக்குரியதாய் இருந்தது. மந்திரங்களுக்குப் பொருளில்லை என்ற கௌத்சரின் கருத்தை யாஸ்கரின் நிருக்தம் எடுத்துக்கூறி மறுக்கின்றது. மறுப்பினும் முக்கியமானது, அத்தகைய கருத்து எழக்கூடிய நிலைமை அன்றே தோன்றிவிட்டது என்பதாகும். ஒலியை வழுவாது காத்த வாய்மொழி மரபு, பொருளை அவ்வாறு காக்க முடியவில்லை. பொருளைத் தாங்கிநின்ற வாழ்க்கை மாறிவிட்டமையே இதற்கு முதன்மையான காரணமெனலாம்.

பதினான்காம் நூற்றாண்டில், விசயநகர அரசின் ஆதரவிலே சாயணர் வேதங்களுக்கு உரை வகுத்தார். சடங்கு மரபை அறிவதற்கு அவ்வுரை இன்றியமையாதது. எனினும், வேள்விச் சடங்கு முழுமையாக வளர்ந்து, சாதியமைப்பு இறுகி, நிலவுடைமை நிலைபெற்றுவிட்ட ஒரு காலத்திலிருந்தே அவர் இருக்கு வேதத்தை நோக்கினார். மாக்ஸ் முல்லர் 1849 முதல் 1874 வரை இருக்கு வேதத்தைச் சாயண உரையோடு பதிப்பித்தார். ஏறத்தாழ அதே காலத்தில் (1855–1875) பேத்லிங்கும் ரோத்தும் தொகுத்த பேரகராதி, ஒரு சொல் வரும் இடங்களையெல்லாம் ஒப்புநோக்கிப் பொருள் காணும் முறையை நிலைநாட்டியது. இது பெரியதொரு முன்னேற்றம். ஆயினும், பொருள் எவ்வாறு மாறிற்று என்பதைக் காட்டிய அம்மொழிநூல், ஏன் மாறிற்று என்ற வினாவை எழுப்பவில்லை.

2

இருக்கு வேத மக்களின் வாழ்க்கையில் வேளாண்மை அறியப்பட்டிருந்ததாயினும், செல்வமென மதிக்கப்பட்டது ஆநிரையே. மொழியும் இதற்குச் சான்று பகர்கின்றது. 'கவிஷ்டி' என்பது நேர்ப்பொருளில் பசுக்களை விரும்புதலாகும். அதுவே போரையும் குறித்தது. போருக்கும் ஆநிரை கவர்தலுக்கும் வேறுபாடு காணாத வாழ்க்கையிலேதான் இவ்வாறு ஒரு சொல் இரண்டுக்கும் வழங்க முடியும். 'கோத்திரம்' முதலிற் பசுத்தொழுவத்தைக் குறித்தது. அதனை உடைத்துத் திறப்பவன் என்ற பொருளில் இந்திரன் 'கோத்திரபித்' எனப்படுகின்றான். ஆனால், சாந்தோக்கிய உபநிடதத்திலே ஆசிரியர், சத்தியகாமனிடம் உன் கோத்திரம் யாது என வினவும்போது, சொல் குலமரபைக் குறிக்கின்றது. ஒரு தொழுவத்தின் பசுக்களுக்குப் பொதுவாக உரித்துடையோர் ஒரு குழுவினராயினர் என்பது பலரும் ஏற்கும் விளக்கம். உடைமையைக் குறித்த சொல் உறவைக் குறிப்பதாயிற்று, பின்னர் மண உறவின் எல்லைகளை வகுப்பதாயிற்று, தொழுவம் மறக்கப்பட்டது.

'கிராமம்' என்ற சொல்லின் வரலாறும் இத்தகையதே. இன்று நிலைத்த குடியிருப்பைச் சுட்டும் இச்சொல், இருக்கு வேதத்தின் மூன்றாம் மண்டலத்திலே, ஆறுகளைக் கடந்து பசுக்களை நாடிச்செல்லும் பரதர் கூட்டத்தைக் குறிக்கின்றது. சதபதப் பிராமணத்திலும் சர்யாதன் தன் கிராமத்தோடு அலைந்து திரிந்தவனாகக் கூறப்படுகின்றான். இரு கிராமங்கள் எதிர்ப்படுதலே 'சங்கிராமம்', அதாவது போர். உழவு முதன்மை பெற்று மக்கள் ஓரிடத்தில் நிலைத்தபோது, அலைந்த கூட்டத்தின் பெயரே ஊருக்கும் ஆயிற்று.

இவ்விடத்திற் பிறிதொன்றும் குறிப்பிடத்தக்கது. பசுக்களைத் தேடுதல் என்ற பொருளுடைய 'கவேஷண' என்னும் சொல், பொதுவாகத் தேடலைக் குறித்து, ஈற்றில் ஆராய்வைக் குறிக்கலாயிற்று. நம் நாட்டிலே சிங்கள மொழியில் அச்சொல் இன்றும் அப்பொருளில் வழங்குகின்றது. காணாமற்போன மாட்டின் அடிச்சுவடு பற்றிச் சென்ற இடையனின் உழைப்பிலிருந்தே ஆராய்ச்சியின் பெயரொன்று பிறந்தது என்பது, அறிவைத் தூய சிந்தனையின் விளைவாகக் கொள்வோர் மனங்கொள்ளவேண்டிய செய்தியாகும்.

3

ஆநிரை பற்றிய சொற்களினும் ஆழமான மாற்றத்தைக் காட்டுவன பங்கீடு பற்றியனவாகும். 'பஜ்' என்னும் வினையடி பகுத்தல், பங்கிடுதல், பங்குபெறுதல் ஆகிய பொருள்களைத் தரும். பாகம் என்பது பங்கு. பகன் என்பவன் பங்கை வழங்கும் தெய்வம். பகவான் என்பவன் பங்கும் பேறும் உடையவன். பக்த என்பது பங்கிடப்பட்டது; அதிலிருந்து ஒருவருக்குரிய உணவும் சோறும் அச்சொல்லாற் குறிக்கப்பட்டன. பாளியில் 'பத்த' எனத் திரிந்து, சிங்களத்திற் சோற்றைக் குறிக்கும் 'பத்' ஆகி நிற்பதும் இச்சொல்லே. ஒரே வினையடி ஒருபுறம் சோற்றுக்கும் மறுபுறம் தெய்வ பக்திக்கும் பெயர் தந்திருப்பது வெறும் தற்செயலன்று.

இவ்விரண்டுக்கும் இடையில் நிகழ்ந்தது யாது? 'பலி' என்ற சொல்லோடு சேர்த்து நோக்கும்போது விடை தெளிவாகும். இருக்கு வேதத்திலே பலி, தெய்வத்துக்கும் தலைவனுக்கும் கொண்டுவரப்படும் படையலாகும். காலத்தாற் பிந்தியதெனக் கருதப்படும் பத்தாம் மண்டலத்தின் அரசநிலைச் சூக்தமொன்றில், மக்களை அரசனுக்குப் பலி கொணர்வோராக ஆக்குமாறு இந்திரன் வேண்டப்படுகின்றான். மக்கள் தாமாகவே விரும்பிக் கொணர்ந்திருப்பின் இவ்வேண்டுதலுக்கு அவசியமிராது. அசோகனது உலும்பினித் தூண் கல்வெட்டிலோ பலியும் பாகமும் தெளிவான வரிப் பெயர்களாகிவிட்டன. புத்தர் பிறந்த அவ்வூர் பலியிலிருந்து விலக்களிக்கப்பட்டு, எட்டிலொரு பாகம் மாத்திரம் செலுத்துவதாக்கப்பட்டமையை அது தெரிவிக்கின்றது. குலக்குழுவினர் தமக்குள் பகிர்ந்துகொண்ட பங்கு, அரசன் குடிகளிடம் பெறும் பங்காயிற்று. பங்கிடுவோர் யார், பெறுவோர் யார் என்பது தலைகீழாக மாறியபோதும் சொல் மாறவில்லை. பழைய சமத்துவத்தின் பெயரைத் தாங்கியே புதிய சுரண்டல் நுழைந்தது.

பக்தி இம்மாற்றத்தின் மறுபக்கமாகும். பாணினியின் இலக்கணத்தில் வாசுதேவன், அர்ச்சுனன் ஆகியோர் மீதான பற்றும், சனபத ஆட்சியாளர் மீதான பற்றும் பக்தி என்ற ஒரே தலைப்பின்கீழ் அமைகின்றன. தெய்வ விசுவாசமும் அரச விசுவாசமும் இலக்கணத்திலேயே அருகருகே நிற்கக் காண்கின்றோம். 1962இல் வெளிவந்த தமது நூலில், கீதையின் பக்திக் கோட்பாடு நிலப்பிரபுத்துவ சமூகத்தின் விசுவாசப் பிணைப்புக்கு ஏற்ற கருத்தியலாக அமைந்தமையை டி. டி. கோசாம்பி எடுத்துக்காட்டினார். உரிமையாகக் கிடைத்த பங்கு, அருளாகக் கிடைக்கும் பேறாக மாறிவிட்டது. எனினும், ஒடுக்கப்பட்டோர் பிற்காலத்திற் பக்தியைத் தம் குரலாகவும் ஆக்கிக்கொண்டனர் என்பதை நாம் மறந்துவிடலாகாது. பங்கின் நினைவு அச்சொல்லில் முற்றாக அழிந்துவிடவில்லை.

கிரேக்கத்தில் 'மொய்ரா' என்ற சொல், பங்கு என்பதிலிருந்து விதி என்ற பொருளுக்கு மாறியமையை ஜோர்ஜ் தொம்சன் 1949இல் விரிவாக ஆராய்ந்தார். பேர்மிங்ஹாமில் அவரிடம் பயின்ற க. கைலாசபதி மூலம் அத்தகைய ஒப்பியல் நோக்கு ஈழத்துத் தமிழாய்விலும் கால்கொண்டது. தேவிபிரசாத் சட்டோபாத்தியாய தமது 'லோகாயத' (1959) நூலில் தொம்சனின் வழிநின்றே வேதப் பங்கீட்டை நோக்கினார்.

4

எனினும், இவ்வாய்வு நெறியிலும் ஓர் அபாயமுண்டு. சொல்லின் வேரைக் கண்டதும் சமூகத்தைக் கண்டுவிட்டதாக எண்ணுவதே அது. 1949இல் வெளிவந்த எஸ். ஏ. டாங்கேயின் நூல், வேள்வியை ஆதிப் பொதுவுடைமையின் கூட்டு உற்பத்தி முறையாக விளக்க முற்பட்டது. அதனைக் கடுமையாகக் கண்டித்தவரும் மார்க்சியரான கோசாம்பியே. 'துஹித்ரு' (மகள்) என்ற சொல்லையும் எடுத்துக்கொள்ளலாம். மகளே பால் கறப்பவள் என்பதால் இப்பெயர் வந்ததெனக் கூறி, வேதகாலக் குடும்பத்தின் தொழிற்பிரிவை அதனால் நிறுவுவோர் உளர். யாஸ்கரோ பால்கறத்தலை அதன் வெவ்வேறு பிறப்புக்களுள் ஒன்றாகவே தருகின்றார். மேலும், கிரேக்கம், ஆங்கிலம் முதலிய மொழிகளிலும் இனச்சொற்களைக் கொண்ட இது, வேதகாலத்துக்கு மிக முற்பட்டது. எனவே, அதன் மூலம் எதுவாயினும் வேதகாலச் சமூகத்துக்கு அது சான்றாகாது.

வேரில் என்றும் மாறாத மெய்ப்பொருள் உறைகின்றது எனக் கொள்ளும் வைதிகரும், வேரிலிருந்தே உற்பத்தி முறையை உய்த்துணரும் கொச்சை மார்க்சியரும் ஒரே தவற்றையே செய்கின்றனர். இரு சாராரும் சொல்லை வரலாற்றிலிருந்து பிரித்துவிடுகின்றனர். நூல்களின் கால அடுக்குகளை வேறுபடுத்தி, சொல் வழங்கும் இடங்களை ஒப்புநோக்கி, கல்வெட்டு, தொல்பொருள் ஆகிய புறச்சான்றுகளோடு பொருத்திக் காண்பதே தக்க முறையாகும். மேலே பலி பற்றிக் கூறியவை உலும்பினிக் கல்வெட்டினால் வலுப்பெறுகின்றன. துஹித்ரு பற்றிய வாதத்துக்கு அத்தகைய வலுவில்லை.

சமயச் சொற்களின் வரலாற்றை ஆராய்தல் சமய உணர்வை இழிவுபடுத்தும் முயற்சியன்று. உழைப்பு, பங்கீடு, உறவு ஆகியன பற்றிய மனித அனுபவமே அச்சொற்களில் உறைந்து கிடக்கின்றது. அவ்வனுபவத்தை அதற்குரிய மக்களிடம் மீட்டளிப்பது ஆய்வாளரின் கடமையாகும். பாகம் என்ற சொல் ஒரு காலத்திற் கேட்டுப் பெறும் வரத்தையன்றி யாவர்க்கும் உரிய பங்கைக் குறித்தது என்பதை அறிவோர், இன்றைய பங்கீட்டை அநாதியென ஏற்றுக்கொள்ளமாட்டார்.